வாங்கியது யாருடையது?

விலை கொடுத்து ஒரு பொருளை வாங்கியவன் அப்பொருளுக்கு உரியவன் ஆகின்றான். இஃது உலகம் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட நெறி. கடைக்காரர் பணத்தை எண்ணிப் பெட்டியில் போட்ட அந்நொடியே அவருக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு அற்றுவிடுகின்றது. தாம் விற்ற நாற்காலியைத் தேடி நள்ளிரவில் வீட்டினுள் புகுந்து, அதன் காலொன்றைக் கழற்றி வேறொரு காலைப் பொருத்திவிட்டுச் செல்லும் தச்சரை எந்த ஊரும் பொறுத்துக்கொள்ளாது. ஆனால், கணினி விளையாட்டு வாணிகத்தில் அத்தகைய தச்சர்கள் பெருகிவிட்டனர். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடும் வாடிக்கையாளரும் பெருகிவிட்டனர்.

தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தைச் சேர்த்து வைத்து, விடுமுறையில் ஒரு கணினி விளையாட்டை வாங்க எண்ணும் மாணவன் முன் ஒரு வினா நிற்கின்றது. பேழையில் அடைத்த வட்டாக வாங்குவதா? இணையத்தின்வழிப் பதிவிறக்கம் செய்துகொள்வதா? பெற்றோர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. "விளையாட்டுதானே, எப்படி வாங்கினால் என்ன?" என்று கூறி ஒதுங்கிவிடுவர். ஆசிரியர் பலரும் அவ்வாறே. விளையாட்டென்றாலே படிப்பின் பகை என்று முடிவு கட்டிவிட்டவர்க்கு, அதனை வாங்கும் முறையைப் பற்றி என்ன கவலை இருக்க முடியும்? அவர்தம் அலட்சியமே வாணிக நிறுவனங்களுக்கு வாய்ப்பாக அமைந்துவிட்டது. மாணவன் தன் வாழ்நாளில் கையெழுத்திடும் முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் இத்தகைய விளையாட்டுக்கானதே. அதனைப் படித்துப் பார்க்காமலேயே 'ஏற்கிறேன்' என்னும் கட்டத்தை அவன் அழுத்துகின்றான். படிக்கச் சொல்வார் அருகில் எவரும் இலர்.

திருத்தி அமைக்கும் கலை

விளையாட்டுகளில் இருவகை உண்டு. ஒன்று, ஆக்கியோர் அமைத்தபடியே ஆடி முடிப்பது. மற்றொன்று, ஆடுபவன் தன் விருப்பம் போல் மாற்றவும் கூட்டவும் இடம் தருவது. இரண்டாம் வகைக்குச் செய்யப்படும் திருத்தத்தை இளைஞர் 'மோட்' என்பர். புதிய ஊர் ஒன்றைச் சேர்ப்பது, மாந்தரின் உரையாடலை மாற்றுவது, பிழைகளைக் களைவது, வேறு மொழியில் பெயர்ப்பது ஆகிய யாவும் இதனுள் அடங்கும்.

இக்கலைக்கு வரலாறு உண்டு. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1993ஆம் ஆண்டு டிசம்பரில் 'டூம்' என்னும் விளையாட்டை வெளியிட்டபோது, அதன் படங்களையும் ஒலிகளையும் அரங்கங்களையும் இயக்கு நிரலினின்று பிரித்து, 'வாட்' எனப்படும் தனிக் கோப்பில் வைத்தது. கோப்பை மாற்றினால் விளையாட்டே மாறிவிடும். 1997ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் மூல நிரலும் வெளியிடப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்விளையாட்டிற்குப் புதிய அரங்கங்கள் எழுதப்பட்டு வருகின்றன. 1998இல் வெளிவந்த 'ஹாஃப் லைஃப்' என்னும் விளையாட்டைத் திருத்தி மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இளைஞர் இருவர் 1999இல் உருவாக்கியதே 'கவுண்டர் ஸ்ட்ரைக்'. மறு ஆண்டே வால்வ் நிறுவனம் அதனைத் தனதாக்கிக்கொண்டு தனி விளையாட்டாக வெளியிட்டது. 'வார்கிராஃப்ட் மூன்று' என்னும் விளையாட்டுக்கு ஆர்வலர் எழுதிய 'டோட்டா' என்னும் அரங்கத்தினின்று ஒரு புதிய விளையாட்டினமே கிளைத்தது.

இவற்றைச் செய்தோர் விளையாடுவதற்கு வாங்கி, ஆக்குவதற்குக் கற்றுக்கொண்டவர்கள். நிரல் எழுதுதல், ஓவியம், கதை அமைப்பு, மொழிபெயர்ப்பு, குழுவாக உழைத்தல் ஆகியவற்றை எந்த வகுப்பறையும் வற்புறுத்தாமலேயே பயின்றவர்கள். திருத்தக்கூடிய விளையாட்டு என்பது ஓரத்தில் எழுத இடம் விட்ட ஏடு. அவ்வோரத்தில் எழுதுபவன் வெறும் நுகர்வோன் அல்லன், உரையாசிரியன். அவனுடைய உரை நிலைக்க வேண்டுமானால் மூலம் நிலைக்க வேண்டும். வட்டா, பதிவிறக்கமா என்னும் வினா, ஆடி முடித்துவிட்டு மறப்பவனுக்குச் சிறிய வினா. உரை எழுதுபவனுக்கோ அதுவே தலையாய வினா.

பதிவிறக்கத்தின் புகழ்

பதிவிறக்கத்தைப் போற்றுவோர் கூறும் காரணங்கள் பொய்யல்ல. கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. விழாக் காலங்களில் விலை பாதிக்கும் கீழே இறங்குகின்றது. வட்டு கீறிப் போகும். பதிவிறக்கம் கீறிப் போவதில்லை. பழைய கணினி பழுதானால், புதிய கணினியில் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். இன்று விற்பனைக்கு வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் வட்டு இயக்கியே இல்லை. திருத்தங்களைப் பெறுவதும் எளிது. 'ஸ்கைரிம்' என்னும் விளையாட்டு 2011ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் வெளிவந்தது. 2012ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெத்தெஸ்டா நிறுவனம் அதற்கான ஆக்கக் கருவியை இலவசமாக வழங்கியபோது, ஆர்வலர் எழுதிய திருத்தங்களை ஒரு பொத்தானை அழுத்திப் பெறும் பட்டறையையும் ஸ்டீம் என்னும் இணையக் கடை திறந்து வைத்தது. வசதி என்னும் அளவில் பதிவிறக்கத்திற்கு நிகரில்லை.

ஆயினும், வசதி வேறு, உடைமை வேறு. வாடகை வீட்டில் குளிர்சாதனம் இருக்கலாம். சொந்த வீட்டில் கூரை ஒழுகலாம். அதனால் வாடகை வீடு சொந்த வீடு ஆகிவிடுமா? 'வாங்கு' என்று எழுதிய பொத்தானை அழுத்தியவன் உண்மையில் பெறுவது உரிமம் மட்டுமே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு சட்டத்திற்கு ஒப்புதல் அளித்து, 2025ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் முதல் அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உரிமத்தை மட்டும் தருகின்ற கடை, அதனைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்கு' என்னும் சொல்லை ஆளுதல் ஆகாது என்பதே அச்சட்டத்தின் சாரம். ஸ்டீம் கடையும் 2024ஆம் ஆண்டு அக்டோபரில், தான் விற்பது உரிமமே என்று பணம் செலுத்தும் பக்கத்தில் எழுதி வைத்தது. ஒரு சொல்லின் பொருளைக் காப்பதற்கே சட்டம் தேவைப்பட்டதென்றால், அச்சொல் எத்தனை ஆண்டுகள் பொய்யாக வழங்கிற்று என்பதைத் தமிழாசிரியர்க்கு விளக்க வேண்டியதில்லை.

உரிமத்தின் இயல்பை உலகிற்குக் காட்டிய நிகழ்ச்சி 2009ஆம் ஆண்டு சூலையில் நடந்தது. அமேசான் நிறுவனம் தன் 'கிண்டில்' படிப்பான்களில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்களை விற்றிருந்தது. அப்பதிப்பை ஏற்றியவர்க்கு விற்கும் உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அந்நூல்களை அது தொலைவிலிருந்து அழித்துவிட்டது. பணம் திரும்பக் கொடுக்கப்பட்டது, மன்னிப்பும் கேட்கப்பட்டது. ஆனால், பள்ளிப் பாடத்திற்காக அந்நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்த ஒரு மாணவனின் உழைப்பு, மூலம் மறைந்ததால் பயனற்றுப் போயிற்று. நூலின் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். குறிப்பின் விலையை எந்த நாணயத்தில் திருப்பிக் கொடுப்பது? விளையாட்டைத் திருத்துவோன் நிலையும் இதுவே.

வட்டின் வழக்கும் வெறும் பேழையும்

இவற்றைக் கேட்டவுடன், "அப்படியானால் வட்டையே வாங்குவோம்" என்று எழுவோர் உளர். அவர்கட்கு நெஞ்சில் ஒரு பழைய காட்சி நிற்கின்றது. வட்டு கையில் இருக்கும். அலமாரியில் அடுக்கலாம், நண்பனுக்கு இரவல் தரலாம், ஆடி முடித்தபின் விற்கலாம், தம்பிக்கு விட்டுச் செல்லலாம். இக்காட்சி ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 2002ஆம் ஆண்டு 'வார்கிராஃப்ட் மூன்று' வட்டை வாங்கிப் பத்திரப்படுத்தியவர், அதன் பழைய வடிவைத் தம் கணினியில் இன்றும் நிறுவித் தனியே ஆட முடிகின்றது. 2020ஆம் ஆண்டு சனவரியில் அந்நிறுவனம் புதிய வடிவை வெளியிட்டபோது, இணையத்தில் சேர்ந்து ஆடுவோர் அனைவரும், பழையதற்குப் பணம் கொடுத்தவர் உட்பட, புதியதையே ஏற்க வேண்டியதாயிற்று. பழையதில் இருந்த சில வசதிகள் புதியதில் இல்லை. ஆர்வலர் உருவாக்கும் அரங்கங்கள் யாவும் நிறுவனத்தின் உடைமையே என்னும் விதியும் உடன் வந்தது. உழுதவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன். அந்நாளில் பழைய வட்டு ஓர் ஆவணமாகத் தலை நிமிர்ந்து நின்றது.

ஆனால், எல்லா வட்டும் அவ்வாறு நிற்பதில்லை. கணினிக்கான ஸ்கைரிம் வட்டை 2011இல் வாங்கியவர், பேழையைத் திறந்ததும் கண்டது ஒரு மறைக்குறியீட்டை. அதனை ஸ்டீம் கணக்கில் பதிந்தாலன்றி விளையாட்டு இயங்காது. பதிந்தபின் வட்டை நண்பனுக்குக் கொடுத்துப் பயனில்லை. குறியீடு ஒருவர்க்கு மட்டுமே உரியது. 2015இல் வெளிவந்த 'ஃபால்அவுட் நான்கு' விளையாட்டின் கணினி வட்டில் விளையாட்டின் ஒரு பகுதியே இருந்தது. எஞ்சியதை இணையத்தில் இறக்கிக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு வெளிவந்த 'மெட்டல் கியர் சாலிட் ஐந்து' கணினி வட்டில் விளையாட்டே இல்லை. ஸ்டீம் மென்பொருளை நிறுவும் சிறு கோப்பு மட்டுமே இருந்தது. பெட்டியும் பளபளப்பும் வட்டு, உள்ளடக்கம் பதிவிறக்கம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

வட்டு முழுமையாக இருந்தும் பயன்படாமல் போவதும் உண்டு. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் வெளிவந்த பல வட்டுகளில் 'சேஃப்டிஸ்க்' என்னும் பூட்டு இடப்பட்டிருந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10 இயங்குதளம் பாதுகாப்புக் கருதி அப்பூட்டை இயக்க மறுத்தது. வட்டும் உரியவரும் நலமாக இருக்க, திறவுகோல் மட்டும் தொலைந்து போயிற்று. 'தி க்ரூ' என்னும் வாகனப் பந்தய விளையாட்டோ இதனினும் கொடிது. 2014இல் வெளிவந்த அதன் வட்டைப் பலர் வாங்கினர். ஆயினும் நிறுவனத்தின் வழங்கியோடு இணையாமல் அது ஓரடியும் நகராது. 2024ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் யூபிசாஃப்ட் நிறுவனம் அவ்வழங்கிகளை நிறுத்தியபோது, பதிவிறக்கியவரும் வட்டு வாங்கியவரும் ஒரே படகில் மூழ்கினர். பின்னர் 2025இல் ஆர்வலர் சிலர் தாமே ஒரு வழங்கியை எழுதி அவ்விளையாட்டை மீண்டும் ஓடச் செய்தனர். விற்றவர் கைவிட்டதைத் திருத்துவோரே மீட்டனர் என்பது எண்ணத்தக்கது.

திரைப்பெட்டியோடு இணைக்கும் தனி விளையாட்டுக் கருவிகளின் வட்டும் திருத்துவோனுக்குப் புகலிடம் ஆகாது. 2011இல் அக்கருவிகளுக்கு வந்த ஸ்கைரிம் வட்டில் திருத்தத்திற்கு இடமே இல்லை. 2016இல் வந்த சிறப்புப் பதிப்பில் இடம் கிடைத்தபோதும், நிறுவனத்தின் தளம்வழியே அது வர வேண்டும்; பிளேஸ்டேசன் 4 கருவியிலோ வெளியிலிருந்து புதிய படமோ ஒலியோ சேர்க்கலாகாது என்று சோனி நிறுவனம் தடுத்துவிட்டது. எனவே, "வட்டு என்றால் விடுதலை" என்பதும் ஒரு மூடநம்பிக்கையே.

நள்ளிரவுத் தச்சர்

திருத்துவோனுக்கு உரிய பெருந்துன்பம் ஒன்று உண்டு. அதனைப் புதுப்பிப்பு என்று அழகாகப் பெயரிட்டு அழைப்பர். பிழை களையும் புதுப்பிப்பு நன்றே. ஆனால், திருத்தங்கள் பல விளையாட்டின் குறிப்பிட்ட ஒரு பதிப்பைக் கணக்கிட்டு எழுதப்படுபவை. மூலத்தின் இயக்கு நிரலில் இடங்கள் மாறினால் அவற்றைத் தொட்டு இயங்கும் திருத்தம் சரிந்துவிடும்.

ஸ்கைரிம் வெளிவந்து பத்தாண்டு நிறைந்த 2021ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள், நிறுவனம் சிறப்புப் பதிப்பைப் புதுப்பித்தது. அன்றே, ஆர்வலர் பல்லாண்டு வளர்த்திருந்த நிரல் நீட்டிப்புக் கருவியும், அதனைச் சார்ந்த எண்ணற்ற திருத்தங்களும் இயங்காமல் நின்றன. பழைய பதிப்பிற்குத் திரும்பும் குறுக்கு வழிகளை ஆர்வலர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. பணம் கொடுத்து வாங்கிய பழைய பதிப்பைத் தாமே வைத்துக்கொள்ள ஒருவன் குறுக்கு வழி தேட வேண்டும் என்பது எத்தகைய நீதி?

'ஃபால்அவுட் லண்டன்' வரலாறு இன்னும் தெளிவானது. ஃபால்அவுட் நான்கினை மூலமாகக் கொண்டு, இலண்டன் மாநகரைக் களமாக்கி, ஊதியம் எதிர்பாராத ஆர்வலர் குழு ஒன்று ஒரு முழு விளையாட்டின் அளவிற்குத் திருத்தம் எழுதிற்று. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் வெளியிடுவதாக அறிவித்திருந்தது. மூல நிறுவனமோ ஏப்ரல் 25ஆம் நாள் பெரும் புதுப்பிப்பை வெளியிடுவதாக அறிவித்தது. பல ஆண்டு உழைப்பு இரண்டே நாளில் உடையும் நிலை கண்டு குழுவினர் வெளியீட்டைத் தள்ளி வைத்தனர். மூன்று மாதம் கழித்து, சூலை 25ஆம் நாள், அது ஜி.ஓ.ஜி. என்னும் கடையின்வழி வெளிவந்தது. பழைய பதிப்பின் மேல் இயங்குவதாகவே வந்தது. நிறுவனம் தீங்கு செய்ய எண்ணியதென்று கூறுவதற்கில்லை. தீய எண்ணமே இல்லாதபோதும் இத்துணைத் தீங்கு விளையக்கூடிய அமைப்பே குற்றவாளி.

சேர்ப்பது மட்டுமன்று, எடுப்பதும் நடக்கின்றது. 2008இல் வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ நான்கு' விளையாட்டின் வானொலியில் ஒலித்த பல பாடல்கள், இசை உரிமத்தின் காலம் முடிந்ததால் 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் புதுப்பிப்பின்வழி நீக்கப்பட்டன. அது சிறுவர்க்கு ஏற்ற விளையாட்டன்று. எனினும் நெறி ஒன்றே. விற்ற நூலின் பக்கங்களைப் பத்தாண்டு கழித்து வந்து கிழித்துச் செல்லும் பதிப்பாளரை எந்த நூலகமும் உள்ளே விடுமா?

மூன்று உரைகல்

ஆகவே, வட்டா பதிவிறக்கமா என்று மட்டும் கேட்பது அரைகுறை வினா. பித்தளைக் குடமா, மண்குடமா என்று கேட்பவன் குடத்தில் ஓட்டை உண்டா என்று கேட்க மறந்தாற்போன்றது அது. வாங்கும் முன் மாணவன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்.

முதலாவது: இணையத் தொடர்பைத் துண்டித்து, எவருடைய இசைவையும் கேளாமல் இவ்விளையாட்டை நிறுவவும் இயக்கவும் முடியுமா? இரண்டாவது: தான் விரும்பும் பதிப்பிலேயே அதனை நிறுத்தி வைக்க முடியுமா? மூன்றாவது: நிறுவு கோப்பைப் படியெடுத்துத் தன் வன்தட்டில் காத்து வைக்க முடியுமா? மூன்றிற்கும் 'ஆம்' என்று விடை வருமாயின் அது வட்டாயினும் நன்று, பதிவிறக்கமாயினும் நன்று. ஒன்றிற்கேனும் 'இல்லை' என்று வருமாயின், கொடுக்கும் பணம் வாடகை என்பதை உணர்ந்து கொடுக்க வேண்டும். வாடகைக்கு ஏற்ற விலையா என்பதையும் கணக்கிட வேண்டும்.

இவ்வுரைகல்லில் தேறும் வழி இன்று உண்டு. 2008ஆம் ஆண்டு தொடங்கிய ஜி.ஓ.ஜி. கடை, பூட்டில்லாத நிறுவு கோப்புகளை விற்கின்றது. ஸ்கைரிம் சிறப்புப் பதிப்பும் 2022ஆம் ஆண்டு அங்கு வந்து சேர்ந்தது. அக்கோப்பை ஒருமுறை இறக்கி, இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்து வைத்தவன், கடை மூடினாலும் கலங்க வேண்டியதில்லை. அவன் தானே தனக்கொரு வட்டை ஆக்கிக்கொண்டான். கலிபோர்னியச் சட்டமும், இவ்வாறு நிலையாகத் தனியே சேமித்துக்கொள்ளக்கூடிய பதிவிறக்கத்திற்கு மேற்கூறிய அறிவிப்பினின்று விலக்கு அளித்துள்ளது. சட்டம் இயற்றியோரும் உடைமை எது, உரிமம் எது என்று பகுத்துப் பார்த்துள்ளனர் என்பதற்கு அதுவே சான்று.

ஸ்டீம் கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்னும் நிலையிலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தானே புதுப்பித்துக்கொள்ளும் வழக்கத்தை மாற்றி வைக்கலாம். திருத்தம் எழுதத் தொடங்கும் நாளில் விளையாட்டின் கோப்புறை முழுவதையும் படியெடுத்து, பதிப்பின் எண்ணை ஏட்டில் குறித்து வைக்கலாம். தன் திருத்தத்தைக் கடையின் பட்டறையில் மட்டும் விட்டுவிடாமல், தன்னிடமும் ஒரு படி வைத்திருக்கலாம். இரவல் புடவையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாற்போல் ஆகிவிடக் கூடாது.

மறுப்பும் விடையும்

"பூட்டு இல்லையேல் திருடர் பெருகுவர், திருட்டைத் தடுக்கவே இக்கட்டுப்பாடு" என்று நிறுவனங்களின் சார்பாக வாதிடுவர். திருட்டு குற்றமே, திருட்டுப் படியைப் பயன்படுத்தும் மாணவனை எந்த ஆசிரியரும் ஆதரிக்கலாகாது. ஆனால், வாதம் நிற்குமா? 2015இல் வெளிவந்த 'விட்சர் மூன்று' முதல் நாளிலிருந்தே ஜி.ஓ.ஜி. கடையில் பூட்டின்றியும் விற்கப்பட்டது. 2023ஆம் ஆண்டிற்குள் எல்லாத் தளங்களிலும் சேர்த்து அது 5 கோடிப் படிகளைத் தாண்டியதாக அதன் நிறுவனம் அறிவித்தது. பூட்டில்லாமை அதனை அழித்துவிடவில்லை. பூட்டினால் தவிப்பவன் எப்போதும் நேர்மையாக வாங்கியவனே. திருடியவன் பூட்டை உடைத்த பின்பே ஆடுகின்றான்.

"பழைய விளையாட்டு போனால் போகட்டும், புதியது வருமே" என்பாரும் உளர். அமெரிக்காவில் இயங்கும் விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை ஒன்று 2023ஆம் ஆண்டு சூலையில் ஆய்வொன்றை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டிற்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று அது கண்டது. ஒரு மொழியின் நூல்களில் நூற்றுக்கு எண்பத்தேழு ஒரே தலைமுறையில் அச்சொழிந்து போயின என்றால் அதனை முன்னேற்றம் என்று எவரேனும் கூறுவரா? ஐரோப்பாவில் இக்கவலை மக்கள் குரலாகவே எழுந்துவிட்டது. விற்ற விளையாட்டை இயங்கும் நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்று கோரும் மனுவில், 2025ஆம் ஆண்டு சூலைக்குள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பம் இட்டனர். அவர்கள் கேட்டது இலவசம் அன்று. வாங்கியதை வைத்துக்கொள்ளும் உரிமை.

தமிழ் மாணவர்க்கு என்ன?

"இவை யாவும் மேலை நாட்டார் கவலை, தமிழ்ப்பள்ளிக்கு இதில் என்ன?" என்று கேட்கலாம். இங்குதான் வழக்கின் உயிர்நாடி இருக்கின்றது. ஸ்கைரிம் பல மொழிகளில் வெளிவந்தது, தமிழில் வரவில்லை. 2016இல் எரிக் பாரோன் என்னும் ஒருவரே தனித்து ஆக்கி வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி' என்னும் உழவு விளையாட்டு, சிறுவர்க்கும் ஏற்றது. அதுவும் பன்னிரு மொழிகளில் வந்தும் தமிழில் வரவில்லை. பெருநிறுவனங்களின் கணக்கில் தமிழ் ஓர் ஆதாயமான சந்தையாகத் தோன்றவில்லை. அவர்கள் தருவார்கள் என்று காத்திருப்பது வீண். தமிழ் அத்திரைகளில் ஏற வேண்டுமானால், திருத்துவோர் கையால்தான் ஏற வேண்டும். மைன்கிராஃப்ட்டின் ஜாவா பதிப்பில் தமிழ் ஒரு தெரிவு மொழியாக இன்று இருக்கின்றதென்றால், அது தன்னார்வலர் மொழிபெயர்த்துத் தந்தது. ஸ்டார்டியூ வேலியும் 2021இல் வந்த பதிப்பு முதல் ஆர்வலர் புதிய மொழிகளைச் சேர்ப்பதற்கு வழி திறந்து வைத்துள்ளது. கொம்பும் காலும் கூடி ஓரெழுத்தாகும் தமிழ் வரிவடிவை அதில் ஏற்றுவது எளிதன்று. அவ்வருமையே அதனைச் சிறந்த பாடமாக்குகின்றது. உழவுக் கருவிக்கும் பயிருக்கும் மீனுக்கும் தமிழ்ப்பெயர் தேடும் மாணவன், அகராதியை எவரும் சொல்லாமலேயே திறப்பான்.

அத்தகைய மாணவர் குழு ஓராண்டு உழைத்து மொழிபெயர்ப்பை முடித்த மறுநாளே, மூலம் மாறி, எழுத்துகள் யாவும் கட்டம் கட்டமாகச் சிதறினால், அவர்தம் ஊக்கம் என்னாகும்? பெரிய மொழியினர்க்கு உடைந்ததைச் சீர்செய்ய ஆள் பலர் உண்டு. சிறு குழுவினர்க்கு உடைந்தது உடைந்ததே. ஆதலின், நிலையான படியின் தேவை மற்றவரினும் தமிழர்க்கே மிகுதி. பழந்தமிழ் நூல்கள் பிழைத்த வரலாறும் இதனையே கூறுகின்றது. ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர்க்கு, எங்கோ ஒரு வீட்டில் எவரோ படியெடுத்து வைத்திருந்த சுவடியே கை கொடுத்தது. படியெடுத்தவர் எவரிடமும் இசைவு கேட்டுக் காத்திருக்கவில்லை. படி பலவாக இருந்த நூல் வாழ்ந்தது; ஒரே இடத்தில் ஒரே படியாக இருந்தது செல்லுக்கும் தீக்கும் இரையாயிற்று. நிறுவனத்தின் வழங்கியில் மட்டும் இருக்கும் விளையாட்டு, ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் சுவடியே.

ஆசிரியர் செய்யத்தக்கது அரிதன்று. ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தை வகுப்பிற்குக் கொண்டு வந்து, 'விற்பனை', 'உரிமம்', 'உடைமை' என்னும் சொற்களின் பொருளை மாணவரைக் கொண்டே ஆராயச் செய்யலாம். கருத்துணர்தல் பாடத்திற்கு அதனினும் உயிருள்ள பகுதி கிடைப்பது அரிது. கணினிக் கழகம் உள்ள பள்ளிகளில், பூட்டில்லாத விளையாட்டொன்றை வாங்கி, அதன் படியைக் காத்து வைத்து, தமிழாக்கத்தைத் தொடங்கலாம். மாணவன் வட்டைத் தெரிந்தெடுத்தாலும் பதிவிறக்கத்தைத் தெரிந்தெடுத்தாலும், தெரிந்து எடுத்தவனாக இருக்கட்டும்.

மரத்தில் இருக்கும் பலாக்காயைவிடக் கையில் இருக்கும் களாக்காய் மேல் என்றனர் முன்னோர். கையில் இருப்பது உண்மையிலேயே கையில்தான் இருக்கின்றதா என்று சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை இளமையிலேயே ஊட்டுதல் வேண்டும். இன்று விளையாட்டில் உரிமையை இழக்கப் பழகியவன், நாளை நூலிலும் இசையிலும் தன் எழுத்திலும் அதனை இழப்பான், இழந்ததையும் அறியான். வாங்கியது யாருடையது என்று கேட்கத் தெரிந்த மாணவனே, தான் ஆக்கியது யாருடையது என்றும் கேட்பான்.